மலர் மாரி போதும். மன்றத்தில் இடம் வேண்டும்!

கடல் பொங்கினால் கடவுள் சினந்தார் என்கிறார்கள். புயல் வீசினால் பாவம் பெருத்தது என்கிறார்கள். வெள்ளம் வந்தால் யாகம் செய் என்கிறார்கள்; வறட்சி வந்தாலும் அதே யாகத்தைத்தான் செய்யச் சொல்கிறார்கள்! நீர் மிகுந்தாலும் நெய், நீர் வற்றினாலும் நெய். நோய் எதுவாயினும் இவர்களிடம் மருந்து ஒன்றே, தட்சணையும் ஒன்றே.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவை ஒட்டிய கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அலை தமிழகக் கரையில் ஏறிற்று. இங்கே மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் மாண்டன. அவற்றில் ஏறத்தாழ 6,000 நாகை மாவட்டத்தில். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த கிறித்துவ அடியார்களையும் அலை அள்ளிச் சென்றது. நாகூரில் முசுலிம்களையும் அள்ளிச் சென்றது. மீனவர் குப்பங்களில் காளியையும் மாரியையும் கும்பிட்டவர்களையும் அள்ளிச் சென்றது. அலை எவரிடமும் மதம் கேட்கவில்லை. அப்போதும் ஒரு கூட்டம், "திருச்செந்தூரில் கடல் பின்வாங்கிற்று, பார்த்தீர்களா முருகன் மகிமையை!" என்று கதை பேசிற்று. அந்தக் கரைக்குக் கிழக்கே இலங்கைத் தீவு அணைபோல் நிற்கிறது என்பதை நிலப்படம் பார்க்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளையும் சொல்லும். முருகன் காத்தான் என்றால், நாகையை ஏன் காக்கவில்லை? அங்கே சிக்கல் சிங்காரவேலன் இல்லையா? இதற்கு விடை கேட்டால், "நம்பிக்கையைப் புண்படுத்தாதே" என்பார்கள்.

அவர்களை இங்கேயே விட்டுவிடுவோம். கோயில் கதையைவிடப் பெரிய கேள்வி ஒன்று நம்முன் இருக்கிறது. அலை வடிந்த மறுநாள், தப்பியவர்களைக் காத்தது யார்? அவருக்கு நாம் என்ன செய்தோம்?

பேரிடரில் சாவு இரண்டு முறை வருகிறது. முதல் முறை அலையாகவோ புயலாகவோ வருகிறது. சில மணிகளில் போய்விடுகிறது. இரண்டாம் முறை, கலங்கிய கிணற்று நீராக, நெருக்கடியான முகாமாக, கழிப்பிடமில்லாத வெளியாக, கொசுவாக, ஈயாக, மெல்ல வருகிறது. முதற்சாவைச் செய்தித்தாள்கள் படம் போடுகின்றன. இரண்டாஞ்சாவு வந்தால் சிறு செய்தி. வராமல் தடுக்கப்பட்டால் செய்தியே இல்லை! சுனாமிக்குப் பின் தமிழகத்தில் காலராக் கொள்ளை பெருகவில்லை. பெருகவில்லை என்பதனாலேயே, அதைத் தடுத்த கைகள் எவை என்று எவரும் கேட்கவில்லை.

பிணங்கள் கிடந்தால் கொள்ளைநோய் வரும் என்று அன்று ஊரெங்கும் அச்சம். உலகச் சுகாதார நிறுவனம் பலகாலமாகச் சொல்லிவருவது வேறு: இயற்கைப் பேரிடரில் மாண்டவர் உடல்களால் கொள்ளைநோய் பொதுவாக வருவதில்லை, உயிரோடிருப்பவர் குடிக்கும் நீரிலும் கழிவிலும்தான் ஆபத்து. ஆயினும் பிணத்தைப் பற்றிய அச்சம் நமக்கு நோய் நூலிலிருந்து வந்ததன்று. தீட்டு நூலிலிருந்து வந்தது. அந்தத் தீட்டுக்கு அஞ்சிய ஊர், பிணமெடுக்க யாரைத் தேடிற்று? பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் நாகைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். கையுறைகூடப் போதாத நிலையில் அவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். கடல் சாதி பார்க்கவில்லை, கரை பார்த்தது.

பிணமெடுத்தவர்களுக்கு அடுத்தபடி, உயிர்களைத் தேடி அந்தச் சேற்றில் நடந்தவர் கிராம சுகாதார செவிலியர். ஊர் மக்கள் "நர்சம்மா" என்று அழைக்கும் பெண். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அந்த ஐயாயிரம் பேரில் எவள் நிறைமாதக் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, எந்தக் கிழவர் காசநோய்க்கு மருந்து உண்கிறார், எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார் என்பதையெல்லாம் அவர் அறிவார். ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஏடு நனைந்தாலும் நெஞ்சில் வைத்திருக்கிறார்.

புயல் வருகிறது என்ற செய்தி கேட்டதும் மாவட்ட அலுவலகம் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று: "பேறு காலம் நெருங்கியவர் எத்தனை பேர்? எங்கெங்கே?" பேறு நெருங்கிய பெண்களைப் புயலுக்கு முன்பே மருத்துவமனை சேர்க்கும் நல்ல வழக்கம் தமிழகத்தில் வளர்ந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்வது வானிலை ஆய்வுக்கூடமன்று; செயற்கைக்கோளுமன்று. காற்று எங்கே கரை கடக்கும் என்று செயற்கைக்கோள் சொல்லும். அந்தக் கரையில் எந்தக் குடிசையில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி எடுக்கும் என்று சொல்ல நர்சம்மா ஒருத்திதான் உண்டு.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! சாலை அறுந்தது, தொலைபேசி ஊமையாயிற்று. அத்தகைய நாளில் அரசின் கை எட்டும் தொலைவு எவ்வளவு? ஊருக்குள்ளேயே இருக்கும் செவிலியரின் கால் எட்டும் தொலைவுதான். அவர் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருக்கும். அவர் பிள்ளையும் பரண்மேல் உட்கார்ந்திருக்கும். அதை யாரும் கேட்பதில்லை.

முகாமில் அவர் செய்வது என்ன? முதலில் தண்ணீர். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 2.5 கிராம், கலங்கல் மிகுந்தால் அளவும் மிகும். கலந்து ஒரு மணி நேரம் சென்றபின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். எஞ்சியிருக்கிறதா என்பதைச் சிறு குழாயில் நீர் எடுத்து, மருந்துத் துளி விட்டு, மஞ்சள் நிறம் பார்த்துச் சொல்லலாம். புனித நீர் என்று குடத்தில் கொண்டுவந்து தெளிக்கிறார்களே, அதையும் அந்தக் குழாயில் ஊற்றிப் பாருங்கள்! நிறம் மாறாது. மந்திரம் ஓதினாலும் மாறாது.

அடுத்தது தட்டம்மை. நெருக்கமாக மக்கள் தங்கும் முகாமில் குழந்தைகளைக் கூட்டமாகத் தாக்கக் கூடியது. ஆகவேதான் பேரிடர் முகாம்களில் ஆறு மாதக் குழந்தை முதல் தடுப்பூசியும் வைட்டமின் ஏயும் கொடுக்க வேண்டும் என்பது உலகறிந்த நெறி. சுனாமிக்குப் பின் கடலூர் மாவட்டத்துக் கரையோர ஊர்கள் சிலவற்றில் தட்டம்மை தலைகாட்டவே செய்தது. தடுப்பூசியோடு செவிலியர் வீடுவீடாகப் போக வேண்டியிருந்தது. தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில், பனிக்கட்டிப் பெட்டியைத் தோளில் மாட்டி, முழங்கால் நீரில் நடந்து, குளிர் குறையுமுன் கடைசிக் குழந்தையையும் எட்ட வேண்டும். எட்டிய இடத்தில், "அம்மா வந்திருக்கிறாள், ஊசி போட்டால் கோபித்துக்கொள்வாள்" என்று பாட்டி மறிப்பாள். பாட்டியிடம் பொறுமையாக வாதாடி ஊசி போடுகிறாரே நர்சம்மா, அவரைவிடச் சிறந்த பகுத்தறிவுப் பிரச்சாரகர் நம்மிடையே உண்டா? பெரியம்மையைத் தெய்வமென்று பல நூற்றாண்டுகள் கும்பிட்டோம், போகவில்லை. 1975இல் இந்தியாவைவிட்டுப் போயிற்று. கூழ் ஊற்றியதால் அன்று, குத்தூசி குத்தியதால்.

மூன்றாவது, பால் பவுடர். சிரிக்காதீர், தோழர்களே! உதவி என்ற பெயரால் முகாமுக்கு வந்து குவியும் பொருள்களில் கேடு மிகுந்தது குழந்தைப் பால் டப்பா. சுத்த நீரில்லை, கொதிக்கவைக்க அடுப்பில்லை. அந்தப் பாலைப் புட்டியில் கலக்கிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு. 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திற்குப் பின் ஆராய்ந்தபோது, இலவசப் பால்மாவு பெற்ற குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு இரு மடங்குக்கு மேல் இருந்தது தெரிந்தது. தாய்ப்பாலைக் காக்கவே நம் நாட்டில் 1992இல் சட்டம் வந்தது. கொடையாளர் புகைப்படத்திற்கு நிற்கையில், "இது வேண்டாம், தாய்க்குச் சோறும் மறைவான இடமும் கொடுங்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். செவிலியர் சொல்கிறார். சொன்னால், "உனக்கென்ன தெரியும்?" என்ற பதில் கிடைக்கிறது.

என்ன தெரியும் என்றா கேட்கிறார்கள்? 1971இல் வங்கத்து அகதிகள் பொன்காவ் முகாமில் காலராவால் மடிந்தார்கள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தது. டாக்டர் திலிப் மகலானபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெருங்கலங்களில் நிறைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கிற்று. கைக்கெட்டும் அறிவை எளிய மனிதர் கையில் கொடுத்தால் எமன் தோற்பான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஊர்தோறும் கொண்டுசென்று, கலக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர் நம் செவிலியர்.

பிளாரன்சு நைட்டிங்கேலை அறியாதார் இல்லை. விளக்கேந்திய மங்கை என்று படம் மாட்டி வைத்திருக்கிறோம். 1854இல் கிரிமியப் போரில் இசுகுதாரி மருத்துவமனைக்குப் போன அந்த அம்மையார் விளக்கு மட்டுமா ஏந்தினார்? கணக்கேடு ஏந்தினார்! குண்டடி பட்டு இறந்தவரைவிட நோயால் இறந்தவரே மிகப் பலர் என்று எண்ணிக்கையால் நாட்டினார். 1855இல் சாக்கடையைச் சீர்செய்து காற்றோட்டம் உண்டாக்கியபின் சாவு சரிந்ததை 1858இல் வண்ண விளக்கப்படமாக வரைந்து ஆட்சியாளர் மேசையில் வைத்தார். இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதற் பெண் உறுப்பினர் அவர். நாமோ விளக்கை வைத்துக்கொண்டு கணக்கை மறைத்துவிட்டோம். ஏன்? விளக்கேந்தும் பெண் அழகாக இருக்கிறாள். கணக்குக் கேட்கும் பெண் தொல்லையாக இருக்கிறாள்!

இங்கேயும் ஒருவர் இருந்தார். ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டியவர். பெண்களுக்கும் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்க்கும் பள்ளி நடத்திய சாவித்திரிபாய் பூலே, 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது, மருத்துவரான மகன் யசுவந்தோடு நோயாளிகளைப் பேணினார். அந்த நோயே தொற்றி அவ்வாண்டு மார்ச் 10 அன்று மறைந்தார். தீட்டு என்று உலகம் விலகி ஓடியபோது தொட்டுத் தூக்கிய கை அவருடையது. சீர்திருத்தமும் செவிலியமும் வேறு வேறு துறைகள் என்று எண்ணுவோர் அந்தக் கையை எண்ணிப் பார்க்கட்டும்.

தொடுதல் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். இரத்தம், மலம், பிள்ளைப்பேறு, பிணம் ஆகிய நான்கையும் தீட்டென்று ஒதுக்கிய சமுதாயம், அவற்றைத் தொடும் தொழிலைத் தாழ்த்திற்று. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி, மேல்சாதி வீட்டில் கொல்லை வழியாக வந்து கொல்லை வழியாகப் போனாள். அவள் எடுத்துக்கொடுத்த பிள்ளை கூடத்தில் வளர்ந்தது. அவளுக்குக் கூடத்தில் இடமில்லை. அந்த நினைப்பு முற்றும் செத்துவிட்டதா? வெள்ளைச் சேலை கட்டிப் படித்துப் பட்டயம் பெற்ற செவிலியரையும், "எந்தச் சாதி?" என்று கேட்டபின் தண்ணீர் கொடுக்கும் தெருக்கள் இருக்கின்றன. தொழிலும் தாழ்ந்தது, செய்பவளும் பெண் என்று இரு விலங்குகளை மாட்டிவிட்டு, விலங்குக்கு மேல் பூச்சூட்டித் "தேவதை" என்கிறார்கள்.

2020 மே 3 அன்று மருத்துவமனைகள்மீது விமானப்படை ஹெலிகாப்டர்கள் மலர் தூவின. அதற்கு முன்பே மார்ச் 22 அன்று தட்டொலி எழுப்பியாயிற்று. பெருந்தொற்றுக்கு எனத் தமிழகத்தில் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட மருத்துவமனைச் செவிலியரில் 2,000க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தமோ 2022 டிசம்பர் 31 அன்று நீட்டிக்கப்படாமல் முடிந்தது. அந்த ஆண்டுப் பிறப்பில் அவர்கள் தெருவில் அமர்ந்து முழக்கமிட்டார்கள். நம் அரசு என்பதற்காக நாம் வாய்மூடி இருக்கலாமா? அண்ணாவின் பெயரைச் சொல்லும் இயக்கத்தில், தவற்றைத் தவறு என்று தம்பி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஆபத்தில் அழைத்து, ஆபத்து நீங்கியதும் அனுப்பிவைப்பது பழைய பண்ணையார் வழக்கம். மக்கள் அரசின் வழக்கமாக அது ஆகக்கூடாது.

தெய்வமாக்குவது எவ்வளவு வசதியான தந்திரம் என்று எண்ணிப் பாருங்கள். தெய்வத்திற்குச் சம்பளம் வேண்டாம். தெய்வத்திற்கு விடுப்பு வேண்டாம். தெய்வம் படகு கேட்காது, கழிப்பறை கேட்காது, ஓய்வூதியம் கேட்காது. பெண்ணைத் தெய்வம் என்று சொல்லித்தானே இத்தனை காலம் சொத்துரிமை மறுத்தார்கள்! அதே வித்தையைச் செவிலியரிடமும் காட்டுகிறார்கள்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மாவட்ட ஆணையத்தை அமைக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத்தலைவர். காவல் கண்காணிப்பாளர் உண்டு. தலைமை மருத்துவ அலுவலர் உண்டு. ஊரை வீடுவீடாக அறிந்த செவிலியர் துறைக்கு ஓர் இருக்கையும் பெயர் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. கூட்டத்தை அடக்கத் தெரிந்தவர் வேண்டும். கூட்டத்தில் யார் கர்ப்பிணி என்று தெரிந்தவர் வேண்டாமா?

இருக்கையில்லாததன் விளைவு என்ன? முகாமில் கழிப்பிடம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அருகருகே, விளக்கில்லாமல் அமைகிறது. இருட்டில் போக அஞ்சிப் பெண்கள் நீர் குடிப்பதையே குறைக்கிறார்கள். நிவாரணப் பையில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது; மாதவிலக்குத் துணி இல்லை. முகாம்களாவது நம் பள்ளிக்கூடங்கள்தாம். வகுப்பறையில் மக்கள் படும் பாட்டைப் பாடஞ்சொல்லும் நாம் நேரில் காண்கிறோம். கடலூர் மாவட்டத்தில் சுனாமி கொன்ற ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர் என்று ஆக்சுபாம் நிறுவனம் 2005இல் கணக்குக் காட்டிற்று. பெண்ணுக்கு மும்மடங்கு சாவு வரும் பேரிடரில், பெண் உடலை அறிந்தவருக்கு மட்டும் மன்றத்தில் இடமில்லையாம்!

மறுப்புரைப்போர் உண்டு. "மருத்துவர் இருக்கிறாரே, போதாதா?" என்பார்கள். மருத்துவரின் அறிவை நாம் குறைக்கவில்லை. நோயாளி வந்தபின் மருத்துவரின் வேலை தொடங்குகிறது. நோயாளி ஆகாமல் காப்பது பொதுச் சுகாதாரச் செவிலியரின் வேலை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. "கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் களத்தில் யார் நிற்பது?" என்பார்கள். ஐயாயிரம் பேருக்குரிய செவிலியரையா அழைத்து உட்காரவைக்கச் சொல்கிறோம்? கிராமச் செவிலியருக்கு மேலே பகுதிச் செவிலியர், சமுதாயச் செவிலியர், மாவட்டத் தாய்-சேய் நல அலுவலர் என்று படிவரிசை இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் மேலும் இருவர்வரை மாவட்ட நிலை அலுவலரை மாநில அரசு அமர்த்தலாம் என்று அதே 25ஆம் பிரிவு சொல்கிறது. தில்லியைக் கேட்க வேண்டியதில்லை. ஓர் ஆணை போதும், மனம் வேண்டும்.

"மக்கள் துயரில் இருக்கும்போது நம்பிக்கைதானே ஆறுதல்? அதையேன் சாடுகிறீர்?" என்பாரும் உண்டு. ஆறுதல் தரும் நம்பிக்கையோடு அவர் இருக்கட்டும். மருந்தைத் தடுக்கும் நம்பிக்கையை விடமாட்டோம். 2018 ஆகத்து வெள்ளத்திற்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. சேற்றில் இறங்கியவர்க்கெல்லாம் டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சுகாதாரப் பணியாளர் வீடுவீடாகக் கொடுத்தனர். இயற்கை மருத்துவம் பேசும் ஒருவர், அதை உண்ணாதீர் என்று பரப்பினார், செப்டம்பரில் கைதானார். வெள்ளத்தைவிட வேகமாகப் பொய் பரவும் காலம் இது. அந்தப் பொய்யைத் திண்ணை திண்ணையாகச் சென்று எதிர்ப்பவர் எவரோ அவரை வலுப்படுத்துவதே பகுத்தறிவு இயக்கத்தின் வேலை.

இந்தியாவிலேயே முதன்முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் கண்டது சென்னை மாகாணம், ஆண்டு 1939. பேறுகாலத்தில் ஒரு இலட்சம் பிறப்புக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97, தமிழகத்தில் 54 என்று 2018–20க்கான அரசுக் கணக்கு கூறுகிறது. இந்தப் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். பேசுகிற நாம், அதை உண்டாக்கியவர்களில் முதல்வரிசையில் நிற்பவர் அந்த நர்சம்மா என்பதை மறக்கலாமா?

ஆகவே நாம் கேட்கிறோம். மாவட்டப் பேரிடர் மன்றத்தில் செவிலியர் துறைக்கு இருக்கை. காலியான துணை சுகாதார நிலையப் பணியிடங்களுக்கு நிலையான நியமனம். கடலோர, ஆற்றோர நிலையங்களுக்கு மேடான கட்டடம், பேரிடர்க் காலத்தில் படகோ ஊர்தியோ. முகாமில் குடிநீர் தகுதியற்றது என்று அவர் சொன்னால் உடனே நிறுத்தும் அதிகாரம். இடர்நாள் பணிக்கு ஊதியமும் காப்பீடும். அவர் குடும்பத்திற்குப் பாதுகாப்பான இடம். இவை சலுகைகள் அல்ல. உயிர் காக்கும் கருவிகள்.

இளைஞர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். அடுத்த புயல் வரும். அது பஞ்சாங்கம் பார்த்து வராது. வருமுன் உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்திற்குப் போங்கள். செவிலியரிடம் குளோரின் கலக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உப்புச் சர்க்கரை நீர் கலக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புயலன்று எந்தக் கர்ப்பிணியை எந்த வழியில் கொண்டுசெல்வது என்று அவரோடு அமர்ந்து திட்டமிடுங்கள். முகாமில் அவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்யுங்கள். படிப்பகங்களில் இப்பொருளைப் பேசுங்கள். கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.

மலர் தூவ ஹெலிகாப்டர் அனுப்ப முடிந்த நாடு, மன்றத்தில் ஒரு நாற்காலி போட முடியாத நாடு அன்று. போடச் செய்வோம், வாரீர்!